சூடாறாப் பெட்டியும் ஆளுக்கு 2,400 ரூபாயும்

எங்கள் அறைச் சமையல் இந்த செமஸ்டர் முழுக்க ஓடிவிட்டது. இதற்கு முன் ஆரம்பித்தது எதுவும் முதல் மாதத்தைத் தாண்டியதில்லை. இரண்டாம் வாரமே ஒருத்தி பரோட்டா பார்சலோடு வருவாள், அடுத்த வாரம் நாலு பேரும் கடையில் உட்கார்ந்திருப்போம். இந்தத் தடவை நின்றதற்கு அறை மூலையில் இருக்கும் ஒரு தெர்மோகோல் பெட்டிதான் காரணம். கொதித்த பாத்திரத்தை அதற்குள் வைத்தால் தீயில்லாமலே மிச்ச வேக்காடு நடந்துவிடும். அதை எப்படிச் செய்தோம், என்ன அளவு, எவ்வளவு செலவு, எங்கே சரிவரவில்லை என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். வெளியூரில் அறை எடுத்துப் படிப்பவர்களுக்கு உதவும்.

ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர். நான் பொள்ளாச்சிப் பக்கம். இங்கே அரசுக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். அறையில் நாலு பெண்கள். ஒருத்தி கொழிஞ்சாம்பாறை, ஒருத்தி மீனாட்சிபுரம், இன்னொருத்தி பாலக்காடு டவுன். எல்லோர் வீட்டிலும் பேச்சு தமிழ்தான். சமைக்க இருந்தது ஒற்றை பர்னர் அடுப்பு, ஐந்து கிலோ சிலிண்டர், மூன்று லிட்டர் குக்கர், நாலு லிட்டர் ஸ்டீல் பாத்திரம், ஒரு இரும்புச் சட்டி, அவ்வளவுதான்.

முதலில் தனியார் மெஸ் ஒன்றில் ஆளுக்கு மாதம் 3,500 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தோம். வயிறு நிறையும். ஆனால் தட்டில் இருப்பது பெரும்பாலும் வெள்ளைச் சோறு, தண்ணீர் சாம்பார், ஒரு கரண்டி கோஸ். பயறு வாரத்தில் ஒரு நாள் வரும். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு அல்லது பயறு, 400 கிராம் காய் கீரை, 100 கிராம் பழம், 300 மில்லி பால் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். எங்கள் தட்டில் மிகவும் குறைந்தது பயறும் கீரையும். பயறு ஒன்றும் விலை அதிகமான பொருள் கிடையாது. ஒருத்திக்கு 80 கிராம் என்றால் ஒன்பது ரூபாய் ஆகிறது. அப்படியிருந்தும் ஏன் சாப்பிடவில்லை என்று யோசித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி விட்டு வரும்போது பசி உயிர் போகும். அந்த நேரத்தில் கடலையை வேகவைத்து, தாளித்து, சோறு வடிப்பதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் பரோட்டாக் கடை இருக்கிறது. யாராக இருந்தாலும் கடைக்குள்தான் நுழைவார்கள். அதனால் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்ததும் வெந்த பயறு சூடாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டோம்.

மெஸ்ஸை நிறுத்திய முதல் சில வாரங்களில் குக்கரை நம்பினோம். பாலக்காட்டில் இருந்துகொண்டு மட்டை அரிசியை விட்டுவிட்டு வெள்ளை அரிசி வாங்க மனசு வரவில்லை. தவிடு முழுக்கப் போகாத சிவப்புப் புழுங்கலரிசி. ஒரு கிண்ணம் சாப்பிட்டால் அடுத்த வேளை வரை தாங்கும். ஆனால் வேக நேரம் எடுக்கும். திறந்த பாத்திரத்தில் முக்கால் மணி நேரம். மூன்று லிட்டர் குக்கரில் நாலு பேருக்கு வைத்தால் விசில் வழியாகக் கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழியும். சிலிண்டர் மூன்று வாரம்கூட வரவில்லை. எங்கள் பக்கம் ஐந்து கிலோ சிலிண்டரை நிரப்பக் கிட்டத்தட்ட 580 ரூபாய் ஆகிறது. மெஸ்ஸில் மிச்சம் பிடித்த பணம் அடுப்பில் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கார அம்மாதான் வழி சொன்னார். நாங்கள் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, இந்தப் பரிஷத்காரங்க பெட்டி ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா? எங்க வீட்ல அதுலதான் பத்து வருசம் சோறு ஆக்குனோம். பத்து நிமிசம் கொதிக்க வெச்சு உள்ளே எறக்கிடோணும், அப்புறம் அதுபாட்டுக்கு வெந்துக்கும்" என்றார்.

சூடாறாப் பெட்டி என்ற பெயர் கேரளத்தில் பெரியவர்கள் பலருக்கும் தெரியும். அறிவியலை மக்களிடம் கொண்டுபோவதற்காக 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அமைப்பு, புகையில்லா அடுப்போடு இதையும் வீடு வீடாகக் கொண்டுபோனது. பரிஷத்தின் ஆய்வு நிலையமான ஐ.ஆர்.டி.சி. எங்கள் மாவட்டத்திலேயே, முண்டூரில் இருக்கிறது. வேலை செய்யும் விதம் ரொம்ப எளிது. அரிசி வேக 100 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு இருந்தால் போதும். தொடர்ந்து தீ எரிய வேண்டியதில்லை. கொதித்த பாத்திரத்தின் சூடு வெளியே போகாமல் சுற்றிலும் அடைத்துவிட்டால், உள்ளிருக்கும் சூட்டிலேயே மிச்ச வேக்காடு நடந்துவிடும். தயாரான பெட்டி வாங்கலாம் என்றாலும் எங்களிடம் இருந்த பாத்திரத்துக்கு ஏற்றபடி நாங்களே செய்யலாம் என்று இறங்கினோம்.

முதல் பெட்டி மீன் கடையில் வாங்கியது. ஐஸ் போட்டு மத்தியும் அயிலையும் வரும் தெர்மோகோல் பெட்டிகளைக் கடைக்காரர்கள் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். சோப்பு, சோடா உப்பு, எலுமிச்சைத் தோல் எல்லாம் போட்டுக் கழுவி மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்தோம். மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சூடான பாத்திரத்தை உள்ளே வைத்ததும் தெர்மோகோலுக்குள் ஊறியிருந்த மீன் வாடை முழுக்கக் கிளம்பிச் சோற்றில் ஏறிவிட்டது. இதற்கு மாற்று வழியே இல்லை. மீன் பெட்டியை யாரும் முயல வேண்டாம்.

இரண்டாவது பெட்டி மருந்துக் கடையில் கிடைத்தது. குளிரில் வைக்க வேண்டிய மருந்துகள் இதில்தான் வருகின்றன. மீன் பெட்டியைவிடச் சுவர் தடிமன் அதிகம், நாலு சென்டிமீட்டர். மூடியும் உள்ளே பள்ளம் இறங்கி இறுக்கமாக உட்காருகிறது. ஐம்பது ரூபாய் கொடுத்தோம். உள்ளளவு நீளம் 36, அகலம் 30, உயரம் 26 சென்டிமீட்டர். எங்கள் நாலு லிட்டர் ஸ்டீல் பாத்திரத்தின் விட்டம் 20, மூடியோடு உயரம் 17. அகலவாக்கில் இரு பக்கமும் ஐந்து, நீளவாக்கில் எட்டு, மேலும் கீழும் சேர்த்து ஒன்பது சென்டிமீட்டர் இடம் இருந்தது. பெட்டி தேடும்போது இந்த இடைவெளிதான் முக்கியம். பாத்திரத்தைச் சுற்றி எந்தப் பக்கமும் நாலு சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

இடைவெளியை நிரப்ப முதலில் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தோம். கொதிக்கும் பாத்திரத்திலிருந்து கசியும் ஆவி பட்டு, தாள் ரெண்டே நாளில் நனைந்து கூழாகிவிட்டது. தாளை எடுத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெட்டியின் அடியில் பாத்திரம் உட்கார்ந்த இடம் வட்டமாக உருகிக் குழிந்திருந்தது. தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன். 100 டிகிரியை நெருங்கினாலே இளகிவிடும். அடுப்பிலிருந்து நேராக இறக்கிய பாத்திரத்தின் அடிப்பக்கம் அதைவிடச் சூடாகவே இருக்கும். உருகிய பிளாஸ்டிக் பக்கத்தில் சோறு வைப்பது சரியில்லை என்று அந்த ஏற்பாட்டை அன்றே நிறுத்தினோம்.

அப்புறம் செய்ததுதான் இன்று வரை நிற்கிறது. நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு நெல் மில்லில் கேட்டதற்கு ஒரு சாக்கு உமி இருபது ரூபாய்க்குக் கொடுத்தார்கள். ஒருநாள் வெயிலில் உலர்த்தினோம். பழைய காட்டன் போர்வையைக் கிழித்து, தலையணை உறை மாதிரி ஆறு பைகள் தைத்தோம்: நாலு பக்கத்துக்கும் நாலு, அடிக்கு ஒன்று, மேலே மூட ஒன்று. உமியை முக்கால் பாகம் மட்டும் நிரப்பினால் பை பாத்திரத்தோடு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. திணித்து நிரப்பினால் விறைத்துக்கொண்டு இடையில் காற்று ஓடும். அடிப் பைக்கு மேல் நாலாக மடித்த சணல் சாக்கு. அதற்கும் மேல் எல்லாப் பக்கமும் ஒரு அலுமினியத் தாள் விரிப்பு, ஆவி உமிக்குள் போகாமல் தடுக்க. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அரை நிமிடம் ஈரத் துணிமேல் வைத்து அடியை ஆற்றிவிட்டுத்தான் உள்ளே இறக்குகிறோம். அதன் பிறகு தெர்மோகோலில் ஒரு கறைகூட விழவில்லை.

பெட்டிக்கு 50, உமிக்கு 20, அலுமினியத் தாளுக்கு 90, நூலுக்கும் டேப்புக்கும் 40. மொத்தம் 200 ரூபாய். போர்வையும் சாக்கும் கையில் இருந்தவை.

வேதியியல் படிக்கும் தோழி ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் கொண்டுவந்தாள். பாத்திரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வைத்துப் பார்த்தோம். உள்ளே போகும்போது 97 டிகிரி. ஒரு மணி நேரம் கழித்து 91, மூன்று மணி நேரத்தில் 82, எட்டு மணி நேரம் கழித்து 66. பாதி மட்டும் நிரப்பி வைத்தால் எட்டு மணி நேரத்தில் 52க்கு இறங்கிவிட்டது. இந்தக் கடைசி எண்தான் எங்களைத் திட்டத்தை மாற்ற வைத்தது. சமைத்த உணவு 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்காக இருந்தால் கிருமி பெருகும். நாலு பேருக்கான பயறு, தண்ணீரோடு சேர்த்து இரண்டு லிட்டர்தான் வரும். நாலு லிட்டர் பாத்திரத்தில் அது பாதி.

இதற்கு வழி, சின்னப் பாத்திரமும் மேலே ஒரு சுடுதண்ணீர் வட்டகையும். பயறை இரண்டரை லிட்டர் பாத்திரத்துக்கு மாற்றினோம். அதன் மூடிமேல் ஒன்றரை லிட்டர் தட்டையான மூடி போட்ட வட்டகையில், கேரளத்தில் குடிதண்ணீரில் போடும் பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை வைத்தோம். மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு, இரண்டும் ஒன்றையொன்று ஆறவிடுவதில்லை. காலை எட்டு மணிக்கு வைத்தால் மாலை ஐந்துக்கு 64, 65 டிகிரி இருக்கிறது. குடிக்கச் சூடான பதிமுகத் தண்ணீரும் தயார். என்ன இருந்தாலும் எடுத்ததும் பயறை ஒரு கொதி விட்டுத்தான் தாளிக்கிறோம். அந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

எது பெட்டியில் வேகும், எது வேகாது என்பதைச் செய்துதான் தெரிந்துகொண்டோம். மட்டை அரிசியை இரவே ஊறவைத்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பெட்டியில் இறக்கினால் ஒன்றரை மணி நேரத்தில் பதமாக வெந்துவிடும். இரண்டரை மணி நேரம் விட்டால் குழையும். அது ராத்திரிக் கஞ்சிக்குச் சரி. ஊறவைக்காத அரிசி என்றால் கொதி பதினைந்து நிமிடம் வேண்டும். பாசிப்பயறு ஊறவே வேண்டாம். ஏழெட்டு நிமிடக் கொதி போதும். தட்டப்பயறும் சிவப்பு வன்பயறும் ஊறவைத்து ஒரு பத்து நிமிடம். கொண்டைக்கடலைக்கு முழு இரவு ஊறலும் பதினைந்து நிமிடக் கொதியும். கொள்ளு மட்டும் பெட்டிக்கு அடங்கவில்லை. எவ்வளவு விட்டாலும் நடுவில் ஒரு கடினம் இருந்தது. அதைக் குக்கரில்தான் போடுகிறோம். ராஜ்மாவைப் பெட்டியில் வைக்கவே கூடாது. அதில் இருக்கும் ஒரு நச்சுப்பொருள் குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதித்தால்தான் அழியும். மிதச் சூட்டில் மெல்ல வெந்தால் அப்படியே இருந்து வயிற்றைப் புரட்டிவிடும். குக்கர்தான் அதற்குப் பாதுகாப்பு.

கொண்டைக்கடலையில் ஒரு வாரம் பெரிய குழப்பம். முதல் வாரம் வெண்ணெயாக வெந்த அதே கடலை, அடுத்த வாரம் எட்டு மணி நேரம் பெட்டியில் இருந்தும் பல்லில் கடித்தால் நொறுக்கென்றது. பழைய கடலை என்று கடைக்காரரிடம் போய்க் கேட்கவும் செய்தோம். அவர் காட்டிய மூட்டை புதுசுதான். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வாரம் குழாய்த் தண்ணீர் வராமல் போர்வெல் தண்ணீரில் ஊறவைத்துச் சமைத்திருக்கிறோம். சித்தூருக்குக் கிழக்கே போகப் போக மழை குறைவு, போர்வெல் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பயறின் தோலை இறுக்கிவிடும். தக்காளியும் புளியும் முன்கூட்டியே சேர்த்தாலும் இதே கதைதான். இப்போது ஊறவைக்கவும் வேகவைக்கவும் குழாய்த் தண்ணீர் மட்டும். புளி, தக்காளி எல்லாம் மாலையில் தாளிக்கும்போது. சிட்டிகை சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும் என்று பலரும் சொன்னார்கள். வேகும். ஆனால் பயறிலுள்ள தயமின் என்ற பி வைட்டமினும் சேர்ந்து போய்விடும். சத்துக்காகத்தானே இவ்வளவு பாடு, அதனால் சோடா உப்பை விட்டுவிட்டோம்.

இப்போது ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்றால்: இரவு படுக்கும் முன் அரிசியும் பயறும் தனித்தனியாக ஊறும். இது யார் முறை என்று சுவரில் எழுதியிருக்கிறது. இந்த ஒரு வேலை தவறினால் அடுத்த நாள் மொத்தமும் தவறிவிடும். காலை ஆறுக்கு அரிசி கொதித்துப் பெட்டிக்குள் போகும். அடுப்பு காலியானதும் காய் நறுக்கித் தோரன், முட்டை அவிப்பது, பால் காய்ச்சுவது. ஏழே முக்காலுக்குச் சோறு வடித்து டிபன் பாக்ஸில். அதற்குள் பயறு ஒரு பக்கம் கொதித்திருக்கும். சோறு வெளியே வந்ததும் அது உள்ளே. மாலை வந்தால் சூடான பயறு. ஆளுக்கு ஒரு கிண்ணம், தேங்காய்த் துருவலும் பச்சை மிளகாயும் போட்டு அங்கேயே காலியாகும். மீதி ராத்திரிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள. பரோட்டாக் கடை பக்கம் யாரும் போகக் கூடாது என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. போகத் தோன்றவில்லை.

கீரையும் காயும் பெட்டிக்குள் போகக் கூடாது. நீண்ட நேரச் சூட்டில் நிறமும் போகும், வைட்டமின் சியும் போகும். முருங்கைக்கீரை என்றால் உருவி, தேங்காயோடு ஐந்து நிமிட வதக்கல். வீட்டுக்கார அம்மாவின் வேலியில் இரண்டு முருங்கை இருக்கிறது, கேட்டால் கிளையையே ஒடித்துத் தருவார். பச்சைப் பப்பாளி, அரசாணிக்காய், வெண்டை, புடலை எல்லாம் கொழிஞ்சாம்பாறைத் தோழி சனி ஞாயிறு ஊருக்குப் போய்த் திரும்பும்போது வேலந்தாவளம் சந்தையிலிருந்து கொண்டுவருகிறாள். எல்லை தாண்டி வரும் காய்க்கு அங்கே விலை எங்கள் தெருக் கடையைவிடக் கிலோவுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய் குறைவு. முதலில் ஒரு வாரத்துக்கான கீரையையும் அங்கேயே வாங்கினோம். ஃப்ரிட்ஜ் இல்லாத அறையில் செவ்வாய்க்கிழமைக்குள் அழுகிவிட்டது. இப்போது சந்தையிலிருந்து அரசாணி, சேனை, வாழைக்காய் மாதிரித் தாங்கும் காய்கள் மட்டும். கீரை அன்றன்றைக்கு இங்கேயே. இவ்வளவு செய்தும் காய் கீரை ஒருத்திக்கு 300 கிராம்தான் வருகிறது, சுவரிலிருக்கும் 400ஐ நாங்கள் இன்னும் தொடவில்லை.

காஸ் கணக்கைத் துல்லியமாகவே பார்த்தோம். பயணப்பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு 250 ரூபாய்க்கு வாங்கி, தினமும் ராத்திரி சிலிண்டரைத் தூக்கி எடை எழுதினோம். பெட்டிக்கு முன் நாளொன்றுக்கு 250 கிராம் வரை எரிந்தது. இப்போது 140 கிராம். ஒரு சிலிண்டர் ஐந்து வாரம் வருகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 380 ரூபாய் மிச்சம். அதில் முப்பது முட்டை அட்டை ஒன்று வாங்கி, இன்னும் பாதி அட்டைக்கு மேல் காசு மீதமாகும். பெட்டிக்குப் போட்ட 200 ரூபாய் முதல் மாதத்திலேயே திரும்பிவிட்டது.

மொத்தச் செலவு ஒருத்திக்கு ஒரு நாள் இப்படி வருகிறது. மட்டை அரிசி 225 கிராம், பன்னிரண்டு ரூபாய். பயறு 80 கிராம், ஒன்பது. முட்டை ஒன்று, ஏழு. பால் கால் லிட்டர், பதினாலு. வறுத்த நிலக்கடலை ஒரு பிடி, மூன்று. காயும் கீரையும் பத்து, வாழைப்பழம் ஐந்து, வெங்காயம் மிளகாய் மசாலா ஆறு, எண்ணெய் நாலு, காஸ் நாலு, ஞாயிற்றுக்கிழமை மத்தியைப் பிரித்துப் போட்டால் நாலு. ஆகமொத்தம் 78 ரூபாய். மாதத்துக்கு 2,300க்கும் 2,400க்கும் நடுவே நிற்கிறது. புரதக் கணக்கு போட்டால் அரிசியில் 17, பயறில் 18, பாலில் 8, முட்டையில் 6, கடலையில் 5 என்று 54 கிராம் வருகிறது. உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்தியாவில் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு. 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் இருந்தால் போதும். கடையில் டப்பாவில் விற்கும் புரதப் பொடிக்கு எங்களுக்குத் தேவையே வரவில்லை.

எண்ணெய்க்கு நாலு ரூபாய் என்றதும் கேரளத்தில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். 2025இல் தேங்காய் எண்ணெய் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. நாங்கள் சமையலுக்குக் கடலை எண்ணெய்க்கு மாறி, தேங்காய் எண்ணெயைக் கடைசியில் ஒரு ஸ்பூன் பச்சையாக ஊற்ற மட்டும் வைத்துக்கொண்டோம். வாசனை அதில்தான் இருக்கிறது. பயறு வகைகளைக் கேரள அரசு நிறுவனமான சப்ளைகோவின் மாவேலி ஸ்டோரில் பார்ப்பது நல்லது. மானிய விலைக்கு ரேஷன் கார்டு வேண்டும். பாலக்காட்டுத் தோழி தன் வீட்டுக் கார்டில் வாங்கி வரும் மாதம் எங்கள் பயறுக் கணக்கு இன்னும் இறங்கும். மேலே எழுதியிருப்பது கார்டு இல்லாத விலை. தேர்வு வாரத்தில் மதியச் சமையலை விட்டுவிட்டு, குடும்பஸ்ரீ என்ற கேரளப் பெண்கள் குழுக்கள் நடத்தும் மலிவு விலை ஜனகீய ஹோட்டலுக்குப் போனோம். 2020இல் 20 ரூபாய்க்குத் தொடங்கிய சாப்பாடு, மானியம் நின்றபின் 2023இல் 30 ஆனது. இப்போதும் அவசரத்துக்கு அதைவிட மலிவாக நல்ல சாப்பாடு வெளியில் கிடைப்பது கடினம். அந்த வாரத்திலும் மாலைப் பயறை மட்டும் நிறுத்தவில்லை. ராத்திரி பன்னிரண்டு வரை படிப்பவளுக்கு ஐந்து மணிக் கிண்ணம் எவ்வளவு பெரிய துணை என்று அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது.

சோயா உருண்டை பற்றி ஒரு வரி. நூறு கிராமில் ஐம்பது கிராம் புரதம், விலையும் குறைவு என்று ஒரு கிலோ வாங்கினோம். பெட்டிக்குள் வைத்தால் ரப்பராகிறது, வெளியே செய்தாலும் எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்கு நாக்கு ஒத்துழைக்கவில்லை. மீதி வீட்டுக்கார அம்மாவுக்குப் போய்விட்டது.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, பயறுக்கான சின்னப் பாத்திரத்தைப் பிறகுதான் தேடினோம். பாத்திரத்தை முடிவு செய்துவிட்டு, அதன் விட்டத்தோடு பத்து சென்டிமீட்டர் கூட்டிப் பெட்டி தேடியிருந்தால் இன்னும் கச்சிதமாக அமைந்திருக்கும். சின்னப் பாத்திரத்துக்குத் தனியாக 320 ரூபாய் ஆனது. ஒரு பெட்டியில் காலை அரிசி வெளியே வரும் வரை பயறு காத்திருக்கிறது. இரண்டாவது பெட்டி இருந்தால் அடுப்பு வேலை இன்னும் சீக்கிரம் முடியும். உமிப் பைகளை மாதம் ஒருமுறை வெயிலில் போட வேண்டும். ஜூலை மழையில் போட முடியாமல் அடிப் பையில் பூஞ்சை பிடித்தது, அந்த உமியைக் கொட்டிவிட்டுப் புதுசு நிரப்பினோம். மழைக்காலத்துக்கு மாற்று உமி ஒரு டப்பாவில் இறுக்கி மூடி வைத்திருப்பது நல்லது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியதும் ராத்திரியில் தயிர் உறைய மாட்டேன் என்கிறது. போன வாரம், பெட்டி ராத்திரி சும்மாதானே இருக்கிறது என்று, விரல் பொறுக்கும் சூட்டில் பாலை உறைகுத்தி அதற்குள் வைத்தோம். காலையில் கத்தியால் வெட்டும் அளவுக்குக் கெட்டியாக உறைந்திருந்தது. பாலின் சூடு 43, 44 டிகிரிக்கு மேல் போனால் புளிப்பு ஏறிவிடுகிறது, 40க்குக் கீழே என்றால் நீர்த்துக்கொள்கிறது. தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுப்பதற்குள் சரியான எண்ணைக் கண்டுபிடித்துச் சுவர்த் தாளில் எழுதிவிட வேண்டும்.